ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிய அலுவலருக்கு என்ன தண்டனை?

கேள்வி: சட்டமன்றத் தேர்தலன்று மாலை 6 மணிக்கு முன்பே வாக்குச்சாவடி வளாகத்துக்குள் வரிசையில் நின்றோம். 6 மணி ஆனதும் தலைமை அலுவலர் ‘நேரம் முடிந்தது’ என்று வெளியே அனுப்பி, கேட்டைப் பூட்டிவிட்டார். இருபது பேர் ஓட்டுப் போடாமல் திரும்பினோம். விதியைத் தன் இஷ்டத்துக்கு மாற்றியவருக்குத் தண்டனை உண்டா?

பதில்: உண்டு. ஆனால் எந்தப் பிரிவு பொருந்தும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அவர் செய்தது தவறு, அதில் சந்தேகமே வேண்டாம். முடியும் நேரத்தில் உள்ளே இருக்கும் அத்தனை வாக்காளரும் ஓட்டுப் போட அனுமதிக்கப்பட வேண்டும் என்கின்றன 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தும் விதிகள். அதற்காகத்தான் அலுவலர் தன் கையெழுத்துப் போட்ட டோக்கன்களை வரிசையின் வால் பக்கமிருந்து கொடுத்து வருவார். கடைசியில் நிற்பவருக்கு 1-ம் எண். அப்புறம் வருபவர் யாரும் பின்னால் ஒட்டிக்கொள்ள முடியாது. உங்களுக்கு அந்த டோக்கன் தரப்பட்டதா என்பதுதான் முதல் சாட்சியம்.

தண்டனைக்கு வருவோம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன் 134-வது பிரிவின்படி, தக்க காரணமின்றித் தேர்தல் கடமையை மீறினால் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். சிறை கிடையாது, நஷ்டஈடு கேட்டு வழக்கும் போட முடியாது. ஒருவரின் வாக்குரிமைக்கு இது மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து.

ஒரு வேட்பாளருக்குச் சாதகமாகச் செய்தார் என்று காட்ட முடிந்தால் நிலைமை மாறும்: 129-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை. தன் கட்சிக்காரர்களை மட்டும் ஓட்டுப் போட விட்டு மற்றவர்களைத் தடுப்பது வாக்குச்சாவடிக் கைப்பற்றல். அரசு ஊழியர் அதற்கு உடந்தையானால் 135ஏ பிரிவில் 3 முதல் 5 ஆண்டு.  

2024 ஜனவரியில் சண்டிகர் மேயர் தேர்தலில் (அதற்குச் சட்டம் வேறு) 8 வாக்குச் சீட்டுகளில் தலைமை அலுவலரே கோடு போட்டுச் செல்லாதவை ஆக்கியது கேமராவில் பதிவானது. உச்ச நீதிமன்றம் முடிவை மாற்றியது. நீதிமன்றத்தில் பொய் சொன்னதற்காக அவருக்கு நோட்டீஸும் அனுப்பச் சொன்னது. கேமரா இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்?

அதனால் இன்றைக்கே இருபது பேரும் பெயர், வாக்காளர் பட்டியலில் உள்ள பாக எண், நேரத்தோடு கையெழுத்திட்டு, தேர்தல் நடத்தும் அலுவலருக்கும் மாவட்டத் தேர்தல் அதிகாரிக்கும் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தேர்தலையே எதிர்ப்பதென்றால் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், தேர்தல் முடிவை அந்த ஓட்டுகள் பாதித்திருக்கவும் வேண்டும். அந்த 45 நாளில் மனு எதுவும் வராவிட்டால் வாக்குச்சாவடிக் கேமராப் பதிவுகளை அழித்துவிடலாம் என்று தேர்தல் ஆணையம் 2025-ல் அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் வரியும் புகாரில் கட்டாயம் இருக்கட்டும்.