பதில்: அப்பாவின் பழைய காட்டன் சட்டை

காலர் நைந்துவிட்டது, தோள்பட்டையில் துணி மெலிந்துவிட்டது, இனி உடுத்தாமல் எடுத்து வைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். உடுத்துங்கள் என்பதுதான் என் கட்சி. இன்னும் உயிர் இருக்கிற சட்டைதான்.

காலரில் தேய்வது கழுத்தில் உரசும் மடிப்பு மட்டும். மடிந்து அடியில் போகும் பக்கம் பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். தையல்காரரிடம் காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கச் சொல்லுங்கள். பழைய வேலைதான், இளையவர்கள் சிலர் முழிப்பார்கள், அதனால் கொஞ்சம் வயதானவராகப் பார்த்துக் கொடுங்கள்.

தோள்பட்டைக்கு உள்பக்கமாக ஒட்டுத்துணி. இங்கேதான் கவனம் வேண்டும்: விறைப்பான புதுத்துணி வைத்தால், அது பழசை இழுத்து, தையலுக்குப் பக்கத்திலேயே கிழித்துவிடும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன மெல்லிய பருத்தித் துண்டு போதும். மெலிந்த இடத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் விட்டு, நெருக்கமில்லாமல் கையால் தைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வாசனை போய்விடும் என்று துவைக்காமலே வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். புரிகிறது. ஆனால் வியர்வையும் பிசுக்கும் தங்கினால் துணி மஞ்சளிக்கும், பூச்சியும் வரும். வாசனை எப்படியும் மங்கத்தான் செய்யும். சட்டையை உட்புறம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் மிதமான சோப்புப் போட்டு அலசி, நிழலில் காயவையுங்கள். ப்ளீச் மட்டும் வேண்டவே வேண்டாம்.