கிளிநொச்சி மாணவிக்கு: கடகத்தையே எடுங்கள்

‘நான் யார்’ என்ற தலைப்பில் எட்டுப் படைப்புகள் கேட்கப்பட்டிருப்பதாகவும், வன்னியிலிருந்து வந்தவர் போரைத்தான் வரைவார் என்று சக மாணவர்கள் எதிர்பார்ப்பதாகவும், உங்கள் மனமோ அம்மம்மா இழைக்கும் பனையோலைக் கூடைகளான கடகங்களிலேயே நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கடகத்தையே எடுங்கள். அதன் சதுரமான அடி எந்த இடத்தில் வட்டமான வாயாக மாறத் தொடங்குகிறது என்பதைப் பத்து முறையாவது வரைந்து பாருங்கள். பிறகு அம்மம்மாவின் அருகில் அமர்ந்து ஒன்றை நீங்களே இழையுங்கள், ஏனெனில் ஓலை எங்கே வளைய மறுக்கிறது என்பதைக் கண்ணைவிட விரலே முதலில் அறியும். (என் முதற் கடகம் மண் அள்ளவும் உதவவில்லை.)

போரைத் தவிர்க்கிறோமோ என்ற குற்றவுணர்வு வேண்டாம். 2009 இல் எதைச் சுமந்து நடந்தார், எதை விட்டுவந்தார் என்று அம்மம்மாவே இழைத்தபடி ஒருநாள் சொல்லக்கூடும். நீங்களாகத் துருவிக் கேட்காதீர்கள். இடம்பெயர்ந்தோர் நினைவிலிருந்து வரைந்த வீட்டுத் தரைப்படங்களைக் கொண்டு ஓவியர் தா. சனாதனன் 2011 இல் ஒரு நூலைப் படைத்தார். இழப்பைச் சொல்ல அந்த எளிய கோடுகளே போதுமாக இருந்தன.

எட்டில் ஒன்றை முடிக்காத கடகமாகவே, ஓலை நுனிகள் நீண்டபடி வையுங்கள். விரிவுரையாளர் காரணம் கேட்டால், உங்கள் கை தயங்கி நின்ற இடத்தைக் காட்டலாம்.