ஒரு கை தளர்ந்த பிள்ளைக்குச் சைக்கிள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பிரசவத்தின்போது தோள் சிக்கியதில் வலது கைக்குச் செல்லும் நரம்புகள் இழுபட்டுவிட்டன. ‘எர்ப்ஸ் பால்சி’ என்றார்கள். விரல்களால் பிடிக்கிறான்; ஆனால் பிடியில் வலுவில்லை, முழங்கை முழுதாக நீளாது, கை தோளுக்கு மேல் எழாது. சைக்கிள் வேண்டும் என்று அழுகிறான். பக்கச் சக்கரம் வைத்துக் கொடுத்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓட்டுகிறான். பிளஸ் ஒன்னில் அரசு தரும் சைக்கிள் வரட்டும் என்கிறார் என் கணவர். இப்போதே பழக்கலாமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் பழக்கலாம். அவனுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் தோள் மூட்டு நிலையை ஒருமுறை காட்டிவிட்டுத் தொடங்குங்கள். பிளஸ் ஒன் வரை காத்திருந்தால் உயரமும் எடையும் கூடி, விழும்போது அடியும் பலமாகப் படும்.

முதலில் பக்கச் சக்கரங்களைக் கழற்றிவிடுங்கள். சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரத்தைச் சற்றுத் திருப்பினால்தான் அது நிமிரும். சாயவே விடாத பக்கச் சக்கரத்தோடு அந்தப் பழக்கம் வருவதற்கு வழியில்லை. பெடல்கள் இரண்டையும் கழற்றி (இடப்பக்க பெடலின் மறை தலைகீழானது, அதை மறந்து ஸ்பேனரோடு மல்லுக்கட்டாத அப்பாக்கள் குறைவு), இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும் அளவுக்கு சீட்டை இறக்குங்கள். லேசான சரிவுள்ள மைதானத்தில் ஹெல்மெட்டோடு காலால் உந்திப் போகட்டும். இரு கால்களையும் தூக்கியபடி பத்து எண்ணும் வரை உருண்டு போகிறான் என்றால் பெடலை மாட்டிவிடலாம்.

ஹேண்டில்பார் விஷயத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். எட்டாத கையை இழுத்துப் பிடியில் வைத்தால் தோள் முன்னே போய், உடல் திரும்பி, சைக்கிளும் அந்தப் பக்கமே இழுக்கும். அவனை சீட்டில் உட்காரவைத்து, வலது கை இயல்பாக எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிடி அங்கே வர வேண்டும். நேர்க்கம்பி ஹேண்டிலைவிட, பழைய லேடீஸ் சைக்கிளில் இருப்பதுபோல் பின்னோக்கி வளைந்த ஹேண்டில் இதற்கு ஏற்றது. அதையும் சற்று உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். வலப்பிடியில் பழைய ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கினால், வலுக்குறைந்த விரல்களுக்குப் பிடிப்பு கிடைக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது பிரேக்கைப் பற்றித்தான். நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது லீவர் முன்சக்கரத்துக்கும் இடது லீவர் பின்சக்கரத்துக்கும் இருக்கும். அப்படியே விட்டால் உங்கள் மகனுக்குப் பின்பிரேக் மட்டுமே மிஞ்சும். அதை மட்டும் பிடித்தால் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் ஆகும். ஒரே லீவர் இரண்டு கேபிளையும் இழுக்கும் அமைப்பு உண்டு. அதை இடக்கைப் பக்கம் பொருத்தச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே கை இழுப்பதால் கூடுதல் பலம் தேவைப்படும். எனவே கடையிலேயே வண்டியை நிறுத்திவைத்து அவனை அழுத்தச் சொல்லிப் பாருங்கள். லீவர் எட்டவில்லை என்றால், பல லீவர்களில் உள்ள சிறு திருகை முறுக்கி அதைப் பிடிக்கு அருகே கொண்டுவரலாம்.

கை நழுவுகிறதே என்று துணியாலோ பட்டையாலோ அதைப் பிடியோடு கட்டாதீர்கள். என்னிடம் வந்த ஒரு சிறுமியை அப்படிக் கட்டி ஓட்டவிட்டிருந்தார்கள். சைக்கிள் சாய்ந்தபோது கையை விடுவிக்க முடியாமல் வண்டியோடு சேர்ந்து விழுந்தாள். நழுவினால் நழுவட்டும், இடக்கை பார்த்துக்கொள்ளும். பிறவியிலேயே இடக்கை செயல்படாத பிரிட்டன் வீராங்கனை சாரா ஸ்டோரி, நீச்சலிலிருந்து சைக்கிளுக்கு மாறி, 2024 பாரிஸ் பாராலிம்பிக் முடிய மொத்தம் 19 தங்கம் வென்றிருக்கிறார் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

தெருவில் ஓட்டத் தொடங்கும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். வலப்பக்கம் திரும்ப அவனால் கை காட்ட முடியாது. அதனால் அந்தத் திருப்பங்களில் இறங்கி, இருபுறமும் பார்த்துத் தள்ளிக்கொண்டு போகட்டும். மணியை இடப்பக்கம் மாற்ற மறந்துவிடாதீர்கள். அவன் முதலில் தேடப்போவது அதைத்தான்.