சர்வீஸ் பலத்தில் ஆடும் டென்னிஸ் வீரர்களிடம் ரசிக்க என்ன இருக்கிறது?

ஜான் இஸ்னர், ஈவோ கார்லோவிச், ரெய்லி ஓபெல்கா மாதிரி ஆட்கள் ஆடினால் ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வீஸ்), மறுபடி ஏஸ், கடைசியில் 6-6-இல் செட்டைத் தீர்மானிக்கும் ஒரு டை-பிரேக், அவ்வளவுதானே. பந்து நாலு தடவை வலையைத் தாண்டுவதற்குள் புள்ளி முடிந்துவிடுகிறதே, இதற்கும் ரசிகர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்படிப்பட்ட ரசிகன்தான். 2001-லிருந்து இன்றுவரை. எனக்கும் என் அண்ணனுக்கும் இந்த விஷயத்தில் வருடக்கணக்காக வாக்குவாதம் நடக்கிறது. அவர் திருப்பி அடிப்பதில் பெயர்பெற்ற ஆந்த்ரே அகஸியின் கட்சி. வரும் பந்தைத் திருப்பி அடிப்பதில்தான் ஆட்டமே இருக்கிறது என்பார். நான் சர்வீஸ் போடுபவன் பக்கம்.

எனக்கு இந்த ஆட்டம் பிடிப்பதற்கு ஒரே காரணம்தான். பந்து மாறி மாறிப் போகும் நீண்ட ராலிகள் கொண்ட ஆட்டத்தில் பதற்றம் நாலு மணி நேரத்துக்கும் பரவிக் கிடக்கும். ஒரு கேமைக் கோட்டைவிட்டால் அடுத்ததில் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் பெரிய சர்வீஸ் இருக்கும் ஆட்டத்தில் அந்தப் பதற்றம் முழுக்க இரண்டு மூன்று புள்ளிகளில் வந்து குவிந்துவிடும். 4-4, 15-30, முதல் சர்வீஸ் வலையில். இப்போது இரண்டாவது சர்வீஸ், இதுவும் தவறினால் புள்ளி எதிராளிக்கு. ஒரு மணி நேரமாக எட்டிக்கூடப் பார்க்காத வாய்ப்பு எதிராளிக்கு முதல்முறையாக வந்திருக்கிறது. அந்த நொடியில் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

கல்லூரியில் டென்னிஸ் ஆடிய காலத்தில் எனக்கு ஒரு சீனியர் இருந்தார். ஆறே கால் அடிக்கு மேல் உயரம். முதல் தடவை அவர் சர்வீஸுக்கு எதிரே நின்றபோது என் கண்ணில் பந்து படவே இல்லை. காதில்தான் பட்டது. ‘டப்’ என்று ராக்கெட்டில் ஒரு சத்தம், உடனே பின்னால் கம்பி வேலியில் ‘ஜல்’ என்று இன்னொரு சத்தம். இரண்டுக்கும் நடுவே பந்து என் வலது பக்கம் போயிருக்கிறது. நாலைந்து கேம் கழித்துத்தான் அவர் கையைக் கவனிக்க ஆரம்பித்தேன். பந்தை மேலே வீசும்போது ஏதாவது துப்பு கிடைக்கும் என்று பார்த்தால், ஒன்றுமே கிடைக்காது. நடுக்கோட்டுக்கு அடித்தாலும் வெளிப்பக்கம் அடித்தாலும் வீச்சு ஒரே இடத்துக்குத்தான் போகும், தோள் ஒரே மாதிரிதான் திரும்பும். அப்புறம் நானும் ஒரு கூடை நிறையப் பந்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பழகிப் பார்த்தேன். இடது கையால் பந்தை ஒரே இடத்துக்கு ஐம்பது தடவை வீசுவதே எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. அரை சாண் முன்னே போனால் பந்து வலையில், அரை சாண் பின்னே போனால் கோட்டுக்கு வெளியே.

‘உயரமாகப் பிறந்தால் போதும், வேறென்ன திறமை வேண்டும்’ என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உயரம் உதவும், மறுக்கவில்லை. வலை நடுவில் 91.4 சென்டிமீட்டர். அதைத் தாண்டி 6.4 மீட்டருக்குள் பந்து விழ வேண்டும். 208 சென்டிமீட்டர் இஸ்னர் கையைத் தூக்கி அடித்தால் பந்து மூன்று மீட்டருக்கும் மேலேயிருந்து இறங்குகிறது. கட்டம் அவருக்கு அகலமாகத் திறந்து கிடக்கிறது. சரி, அப்படியானால் பீட் சாம்ப்ராஸ்? 185 சென்டிமீட்டர்தான். ஆண்டி ராடிக் 188. ஒரே வீச்சிலிருந்து எந்த மூலைக்கு வேண்டுமானாலும் அடிக்கத் தெரிந்ததால்தான் சாம்ப்ராஸின் சர்வீஸ் அப்படிப் பயமுறுத்தியது. அதிலும் அவருடைய இரண்டாவது சர்வீஸ். மற்றவர்கள் உள்ளே விழுந்தால் போதும் என்று மெதுவாகப் போடும் இடத்தில் அவர் துணிந்து அடிப்பார்.

வேகம் மட்டும் போதாது என்பதற்கு அருமையான சாட்சி 2025 விம்பிள்டன். முதல் சுற்றில் பிரான்சின் ஜியோவானி எம்பெட்ஷி பெரிகார் மணிக்கு 246 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சர்வீஸ் போட்டார். விம்பிள்டன் வரலாற்றிலேயே அதுதான் அதிவேகமானது. டெய்லர் ஃப்ரிட்ஸ் அதைத் திருப்பி அடித்தார், அந்தப் புள்ளியையும் எடுத்தார், ஐந்து செட்டில் ஆட்டத்தையும் ஜெயித்தார். பந்து எங்கே வருகிறது என்று தெரிந்துவிட்டால் எந்த வேகத்தையும் தொட்டுவிடலாம். தெரியாதபடி வைத்திருப்பதுதான் கலை.

பெண்கள் ஆட்டத்தில் இந்தப் புகாரை நான் கேட்டதே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2012 விம்பிள்டனில் செரீனா வில்லியம்ஸ் மொத்தம் 102 ஏஸ் அடித்தார். அசரென்காவுக்கு எதிரான அரையிறுதியில் மட்டும் 24. இறுதிப் போட்டியின் மூன்றாவது செட்டில் ஒரு கேமை நாலே ஏஸில் முடித்தார். அதைப் பார்த்து யாரும் கொட்டாவி விடவில்லை. சிலிர்த்துப்போனோம்.

மறுபக்கத்து நியாயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். 1994 விம்பிள்டன் இறுதிப் போட்டி, சாம்ப்ராஸும் கோரான் இவானிசெவிச்சும் ஆடியது, 7-6, 7-6, 6-0. அதை மறுபடி போட்டுப் பார்க்க எனக்கே மனம் வராது. அன்றைய புல்தரையில் பந்து சறுக்கிக்கொண்டு தாழப் போகும், திருப்பி அடிப்பவருக்கு வழியே இல்லை. 2001-இல் விம்பிள்டன் முழுக்க ரை வகைப் புல்லுக்கு மாறிய பிறகு பந்து கொஞ்சம் எழும்பி வர ஆரம்பித்தது, சர்வீஸின் ஆதிக்கமும் குறைந்தது. அதேபோல 2018 அரையிறுதியில் இஸ்னரும் கெவின் ஆண்டர்சனும் 6 மணி 36 நிமிடம் ஆடியதில், அடுத்து ஆட வேண்டிய ஜோகோவிச்சும் நடாலும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் களமிறங்க முடிந்தது. அந்த ஆட்டத்தை அன்றிரவு முடிக்கவும் முடியவில்லை. கோபப்பட்டவர்கள் மேல் தப்பில்லை. மறு வருடமே கடைசி செட்டில் 12-12 வந்தால் டை-பிரேக் என்று விம்பிள்டன் விதியை மாற்றியது. 2022-லிருந்து நாலு கிராண்ட் ஸ்லாமிலும் கடைசி செட்டில் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டை-பிரேக். அந்த மாற்றம் சரிதான்.

ஆனால் அதே அரையிறுதியில் ஒரு காட்சி. ஐந்தாவது செட், 24-24, இஸ்னர் சர்வீஸ். பந்தைத் துரத்திய ஆண்டர்சன் தடுக்கிக் கீழே விழுகிறார், எழுகிறார், ராக்கெட் இடது கையில். அப்படியே இடது கையால் ஒரு ஃபோர்ஹேண்ட் அடிக்கிறார். அவர் வலக்கை ஆட்டக்காரர். சின்ன வயதில் முழங்கை அறுவை சிகிச்சையின்போது இடது கையால் ஆடிப் பழகியிருக்கிறார், அந்தப் பழக்கம் அன்று கைகொடுத்தது. அந்தப் புள்ளி அவருக்கு. அந்த கேமும் அவருக்கு. 26-24. அந்த செட் முழுக்கச் சுவர் மாதிரி நின்ற ஒரு சர்வீஸ் அப்படித்தான் இடிந்தது. எதிராளி சர்வீஸ் போடும் கேமைப் பறிப்பதுதான் பிரேக்; முதல் செட்டிலேயே ஐந்தாறு பிரேக் விழும் ஆட்டத்தில் ஒரு பிரேக்குக்கு இந்த மதிப்பு வருமா?

இன்னொரு கணக்கும் உண்டு. 2010-இல் இஸ்னரும் நிக்கோலா மஹுவும் மூன்று நாள் ஆடிய ஆட்டம் எல்லோருக்கும் தெரியும்: 11 மணி 5 நிமிடம், கடைசி செட் 70-68, மைதான ஓரத்து ஸ்கோர்போர்டு 47-47-லேயே நின்றுபோனது. இஸ்னர் 113 ஏஸ், மஹு 103. பலர் கவனிக்காதது, மொத்தப் புள்ளிகளில் மஹு 502, இஸ்னர் 478. இருபத்துநாலு புள்ளி அதிகம் எடுத்தவர் தோற்றார். கடைசி செட்டின் 138 கேமில் ஒரே ஒரு பிரேக், அதுவும் கடைசி கேமில். 1991 விம்பிள்டன் அரையிறுதியில் எட்பெர்க் இதைவிடக் கொடுமையாகத் தோற்றார். ஸ்டிக்குக்கு எதிராக அவர் தன் சர்வீஸை ஒருமுறைகூடப் பறிகொடுக்கவில்லை. 4-6, 7-6, 7-6, 7-6. ஒரு தப்பும் செய்யாமல் தோற்பது என்றால் இதுதான். இந்த மாதிரி ஆட்டத்தில் எல்லாப் புள்ளியும் சமம் கிடையாது. ஐம்பது புள்ளி சும்மா ஓடும், ஐம்பத்தோராவது புள்ளி ஒருவரின் வருடத்தையே தீர்மானிக்கும். எது அந்த ஐம்பத்தோராவது என்று முன்கூட்டியே தெரியாததால் நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பேன்.

2001 என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதற்கு வருகிறேன். இவானிசெவிச் அதற்கு முன் மூன்று விம்பிள்டன் இறுதிப் போட்டிகளில் தோற்றிருந்தார். 1992-இல் அகஸியிடம் தோற்றதுதான் என் அண்ணனுக்குப் பிடித்த ஆட்டம். இவானிசெவிச் 37 ஏஸ் அடித்தும், ஐந்தாவது செட்டில் 4-5 என்று இருந்தபோது அடுத்தடுத்து இரண்டு டபுள் ஃபால்ட்டுடன் (இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளி போவது) கடைசி கேமைத் தொடங்கினார். அத்தனை வருடம் அவரைத் தாங்கிய சர்வீஸ் அந்த இடத்தில் கைவிட்டது. 1994, 1998 இரண்டும் சாம்ப்ராஸிடம் போயின. 2001-இல் தோள் கெட்டுப்போய், தரவரிசையில் 125-ஆவது இடத்தில், வைல்ட் கார்டு என்ற சிறப்பு அனுமதியின் தயவில் உள்ளே வந்தார். அரையிறுதியில் ஹென்மனிடம் மூன்றாவது செட்டை 0-6 என்று இழந்தார், மழை வந்தது, மூன்று நாள் இழுத்த அந்த ஆட்டத்தில் மீண்டு வந்தார். மழையால் இறுதிப் போட்டி திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போனது.

நானும் அண்ணனும் அதைச் சேர்ந்துதான் பார்த்தோம். ராஃப்டருக்கு எதிராக ஐந்தாவது செட்டில் 8-7. இவானிசெவிச் சர்வீஸ். ஒரு ஏஸ் விழுந்தால் அதே பந்தைத் திருப்பிக் கேட்டு வாங்குவது அவர் வழக்கம். அதிர்ஷ்டம் அந்தப் பந்தில் இருக்கிறது என்ற நம்பிக்கை. முதல் சாம்பியன்ஷிப் பாயிண்ட்: டபுள் ஃபால்ட். இரண்டாவது: மறுபடி டபுள் ஃபால்ட். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதில் ராஃப்டர் தலைக்கு மேல் ஒரு லாப் தூக்கிப்போட்டார். இவானிசெவிச் வானத்தைப் பார்த்துக் கைகூப்புகிறார். அந்தத் தொடர் முழுக்க 213 ஏஸ் அடித்த மனிதர் அவர். உலகத்திலேயே அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே வேலை பந்தை வீசி அடிப்பது. அந்த வேலையைச் செய்யத்தான் கை நடுங்குகிறது. நாலாவது பாயிண்டில் ராஃப்டர் திருப்பிய பந்து வலையில் போய் மோதியது. இவானிசெவிச் தரையில் விழுந்தார். அகஸி கட்சிக்காரரான என் அண்ணன் அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சர்வீஸ் ஒன்றுதான் டென்னிஸில் முழுக்க உங்கள் கையில் இருக்கும் அடி. மற்ற எல்லாம் எதிராளி அனுப்பியதற்குப் பதில். காற்று, வெயில் தவிர வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. அதையே பிழைப்பாகக் கொண்டவர் தடுமாறும்போது ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அந்தத் தனிமை என்னைத் தொடுகிறது.

கடைசியாக, ‘கலைஞர்கள் ஒரு பக்கம், சர்வீஸ் இயந்திரங்கள் ஒரு பக்கம்’ என்று பிரித்துப் பேசுபவர்களுக்கு 2009 விம்பிள்டன் இறுதிப் போட்டியை எடுத்துக் காட்டுவேன். ஃபெடரர், ராடிக். அன்று 50 ஏஸ் அடித்தவர் ஃபெடரர். சர்வீஸை விட்டால் ஒன்றுமில்லை என்று பேசப்பட்ட ராடிக் அடித்தது 27. ராடிக் ஃபெடரரின் சர்வீஸை இரண்டு முறை முறியடித்தார். அவர் மட்டும் தன்னுடையதைத் தொடர்ந்து 37 கேம் காப்பாற்றினார், ஐந்தாவது செட்டில் பதினான்கு முறை. அதில் பத்துத் தடவை, தோற்றால் எல்லாம் போச்சு என்ற நிலையில் பின்னால் இருந்துகொண்டு போட்ட சர்வீஸ். 14-15-இல், ஆட்டத்தின் 77-ஆவது கேமில், ஒரு ஃபோர்ஹேண்ட் ராக்கெட்டில் சரியாகப் படாமல் எகிறிக் கோட்டுக்கு வெளியே போனது. நாலு மணி 16 நிமிடத்தில் அவர் சர்வீஸை இழந்தது அந்த ஒரு முறைதான். ராடிக் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரங்கம் முழுக்க அவர் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தது.