சார்ட்டர் கம்பெனியில் சேரலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் விமானக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எனக்கு 24 வயது. சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. 200 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பறந்திருக்கிறேன். அப்பா நிலத்தை அடமானம் வைத்துத்தான் படிக்கவைத்தார். ஏர்லைன் தேர்வுகளில் தேறவில்லை. இப்போது விமானத்தை வாடகைக்கு விடும் ஒரு சிறிய சார்ட்டர் கம்பெனியில் கிங் ஏர் பி200 என்ற சின்ன விமானத்துக்கு கோ-பைலட்டாகக் கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் மொத்தமே மூன்று விமானங்கள்தான். மூன்று வருடம் விலகாமல் வேலை செய்வதாகப் பாண்ட் எழுதித்தரக் கேட்கிறார்கள். நண்பர்களோ, "அங்கே போனால் மாட்டிக்கொள்வாய், ஏர்லைனுக்கு வர முடியாது, பாதுகாப்பும் கிடையாது" என்கிறார்கள். நீங்கள் அந்த வேலையைப் பார்த்தவர். போகலாமா?

ச., நாமக்கல்

அன்புள்ள ச.,

போகலாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் கம்பெனியிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள். என்ன கேள்வி என்று பிறகு சொல்கிறேன். முதலில் வேலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பயிற்சிப் பள்ளியில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஏர்லைன் விமானி காக்பிட்டுக்குள் வந்து உட்காரும்போது அவருக்காக இருபது பேர் வேலையை முடித்து வைத்திருப்பார்கள். வானிலை, எரிபொருள் கணக்கு, லோட் ஷீட் என்கிற எடைக் கணக்கு, பயணியின் பெட்டி எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. உங்கள் வேலையில் அந்த இருபது பேர் செய்வதையும் நீங்களும் கேப்டனுமேதான் செய்ய வேண்டும். இரவு பத்து மணிக்கு ஆபரேஷன்ஸிலிருந்து போன் வரும்: காலை ஆறு மணிக்குச் சென்னையிலிருந்து ஹூப்ளி, அங்கிருந்து ஹைதராபாத், மாலையே திரும்ப வேண்டும். ஹூப்ளியில் எரிபொருள் கிடைக்குமா, பார்க்கிங் இருக்கிறதா, அந்த ஏர்போர்ட் எத்தனை மணி வரை திறந்திருக்கும், இதையெல்லாம் நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். சின்ன ஏர்போர்ட்கள் பலவற்றில் வேலை நேரம் முடிந்துவிட்டால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பதில் சொல்ல ஆள் இருக்காது. பயணி மதியம் கூட்டத்தை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருப்பார், கூட்டம் நீண்டுகொண்டே போகும், நீங்கள் விமானம் நிறுத்தும் ஏப்ரனில் நின்று சூரியனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தேர்தல் சமயத்தில் இது நாள்தோறும் நடக்கும்.

அப்புறம் எடை. பி200 மேலெழும்ப அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை 5,670 கிலோ. டேங்கை முழுக்க நிரப்பினால் எல்லா இருக்கையிலும் ஆள் ஏற்ற முடியாது, எல்லா இருக்கையிலும் ஆள் ஏற்றினால் டேங்கை முழுக்க நிரப்ப முடியாது. ஆறு பேர் என்று சொல்லி எட்டுப் பேர் வருவார்கள், கூடவே பழக்கூடைகளும் பரிசுப் பெட்டிகளும். மே மாத வெயிலில் காற்று அடர்த்தி குறைந்து இன்ஜினும் இறக்கையும் தருகிற திறன் இறங்கிப்போயிருக்கும், அதுவும் பெங்களூர் மாதிரி கடல்மட்டத்திலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊரென்றால் இன்னும் மோசம். இரண்டு பேர் இறங்க வேண்டும், அல்லது வழியில் ஓரிடத்தில் இறங்கி எரிபொருள் போட வேண்டும் என்று விமானத்தை வாடகைக்கு எடுத்தவரிடம் நேருக்கு நேர் சொல்ல வேண்டியவர் நீங்கள். பணம் கொடுத்த மனிதர் உங்கள் முதுகுக்கு இரண்டு மீட்டர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். இந்த வேலையின் கஷ்டம் முழுவதும் அந்த இரண்டு மீட்டரில் இருக்கிறது என்பேன்.

பாதுகாப்பு பற்றி உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அவர்கள் விமானம் பழையது, சின்னது என்று பயப்படுகிறார்கள் என நினைக்கிறேன். கிங் ஏர் நல்ல விமானம், அதன் பிடி6 இன்ஜின் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. பயப்பட வேண்டிய இடம் வேறு. 2016 நவம்பர் 28 அன்று பிரேசிலின் சாபெகோயென்ஸே கால்பந்து அணியை ஏற்றிக்கொண்டு பொலிவியாவின் சாந்தா குரூஸிலிருந்து கொலம்பியாவின் மெடயினுக்குப் போன லாமியா விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன சார்ட்டர் கம்பெனி. விமானத்தை ஓட்டிய கேப்டனே அதில் ஒரு பங்குதாரர். அந்த ஆர்ஜே85 விமானத்துக்கான ஃப்ளைட் பிளானில் பயண நேரம் 4 மணி 22 நிமிடம், கையிருப்பு எரிபொருள் தாங்கும் நேரமும் அதே 4 மணி 22 நிமிடம். அவசரத்துக்கான ரிசர்வ் என்று ஒரு சொட்டுக்கூட இல்லாத கணக்கு. புறப்படும் இடத்திலேயே ஒரு அதிகாரி இதைச் சுட்டிக்காட்டினார். வழியில் பொகோட்டாவில் இறங்கி எரிபொருள் போடலாமா என்று விமானிகள் பேசிக்கொண்டது குரல்பதிவில் இருக்கிறது, ஆனால் இறங்கவில்லை. மெடயினை நெருங்கியபோது நான்கு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. 77 பேரில் 71 பேர் இறந்துபோனார்கள். ஓட்டுகிறவரும் லாபம் பார்க்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால், அவரிடம் முடியாது என்று சொல்ல அந்தக் காக்பிட்டில் யார் இருக்கிறார்கள்? அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோ-பைலட்டை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நீங்கள் உட்காரப்போவதும் அதே இருக்கைதான்.

இன்னொன்று, 2020 ஜனவரி 26. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் போன ஹெலிகாப்டர் கலிபோர்னியாவில் காலபாசஸ் அருகே மலைச்சரிவில் மோதி ஒன்பது பேரும் இறந்தார்கள். அதுவும் சார்ட்டர்தான், கண்ணால் பார்த்து ஓட்டும் விதிகளின் கீழ் மட்டுமே பறக்க அனுமதி பெற்ற கம்பெனி. விமானி மேகத்துக்குள் ஏறினார், திசை உணர்வு குழம்பியது. நாலாயிரம் அடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறேன் என்று கட்டுப்பாட்டு அறையிடம் சொன்ன நேரத்தில் ஹெலிகாப்டர் இறங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க விசாரணை வாரியம் 2021-இல் தந்த முடிவை ஒவ்வொரு சார்ட்டர் விமானியும் படிக்க வேண்டும். வாடிக்கையாளரோ கம்பெனியோ அவரை வற்புறுத்தியதற்கு ஆதாரம் இல்லை, அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட அழுத்தம்தான் ஒரு காரணம் என்றது அந்த அறிக்கை. நல்ல பழக்கமான பயணி, அவரை ஏமாற்றக்கூடாது என்ற எண்ணமே போதும். யாரும் மிரட்ட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஏர் ஆம்புலன்ஸ் நடத்தும் பல கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளி குழந்தையா பெரியவரா, எவ்வளவு மோசம் என்பதை விமானியிடம் சொல்லமாட்டார்கள். இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்குப் போக முடியுமா என்று மட்டும் கேட்பார்கள். வானிலையைப் பார்த்து அவர் பதில் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் மனித மனத்தைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடுகளில் இதற்கு இணையானது குறைவு. நீங்கள் சேரும் கம்பெனியும் ஏர் ஆம்புலன்ஸ் ஓட்டினால், இங்கே வழக்கம் என்ன என்று கேளுங்கள்.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். உங்களை நேர்காணல் செய்பவரிடம், முடிந்தால் அங்கே பறக்கும் கேப்டன் ஒருவரிடம் தனியாக, இதைக் கேளுங்கள்: இங்கே கடைசியாக ஒரு விமானி வானிலைக்காகவோ எடைக்காகவோ பயணத்தை ரத்து செய்தது எப்போது, அதற்குப் பிறகு அவருக்கு என்ன ஆனது? "போன மாதம்கூட மதுரையிலேயே இரவு தங்கினோம், முதலாளி வாடிக்கையாளரிடம் தானே பேசிச் சமாளித்தார்" என்பது மாதிரி பதில் வந்தால் தயங்காமல் சேருங்கள். "எங்கள் பைலட்கள் எதையும் ரத்து செய்ததே இல்லை" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், வேறு வேலை கையில் இல்லாவிட்டாலும். அடமானத்தில் இருக்கிற நிலத்தை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கடன் இருக்கிறவனுக்கு முடியாது என்று சொல்வது இன்னும் கடினம், அதனால்தான் அந்தச் சொல்லுக்கு மரியாதை தருகிற இடமாகப் பார்த்து நீங்கள் போக வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர்லைனுக்கு வர முடியாது என்பது சரியல்ல, இந்தப் பாதையில் வந்து இன்று ஏர்பஸ் ஓட்டுகிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆனால் பறந்த மணி நேரம் மெதுவாகத்தான் சேரும். ஏர்லைன் கேப்டனாக வேண்டிய ஏடிபிஎல் உரிமத்துக்குத் தேவையான 1,500 மணி நேரத்தைத் தொட ஏர்லைன் நண்பர்களைவிட உங்களுக்கு வருடங்கள் கூடுதலாக ஆகும். பி200-இன் எடை 5,700 கிலோ என்ற வரம்புக்குச் சற்றுக் கீழே இருப்பதையும் கவனியுங்கள். அதற்கு மேற்பட்ட எடையுள்ள விமானத்தில் அனுபவம் கேட்கும் வேலைகளுக்கு இந்த மணி நேரம் உதவாது. கம்பெனியிடம் பெரிய ஜெட் ஏதாவது இருந்தால் அதற்கு எப்போது மாற்றுவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பாண்ட் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை உங்கள் டைப் ரேட்டிங்குக்கு (அந்த விமான வகையை ஓட்டத் தகுதி பெறும் பயிற்சிக்கு) அவர்கள் உண்மையில் செலவழித்ததா, அது மாதாமாதம் குறைகிறதா, விமானம் ஹேங்கரில் மாதக்கணக்கில் நின்றாலும் சம்பளம் வருமா, இந்த மூன்றும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அசல் லைசென்ஸையும் பறந்த நேரத்தைப் பதிந்துவைக்கும் லாக்புக்கையும் "ஆபீஸில் பத்திரமாக இருக்கட்டும்" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். நேர்காணல் முடிந்ததும் என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.