பிராக் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா, எஸ்ஐபியை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. கையில் வரும் சம்பளம் 62,000 ரூபாய். செலவு போக மாதம் 8,000 ரூபாய் எஸ்ஐபியில் (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) போகிறது, 12,000 மிஞ்சுகிறது. அவசரத் தேவைக்கென்று 1.80 லட்சம் எஃப்டியில் இருக்கிறது. அடுத்த ஆண்டு மே மாதம், அதாவது இன்னும் பத்து மாதத்தில், தோழியுடன் செக் குடியரசின் பிராக் நகருக்கு ஒரு வாரம் போக ஆசை. டிராவல் ஏஜென்ட் ஆளுக்கு 2.10 லட்சம் கேட்கிறார். வங்கி 1.50 லட்சம் பர்சனல் லோன் தருகிறேன் என்று தினமும் மெசேஜ் அனுப்புகிறது. தோழியோ, 'எல்லாவற்றையும் என் கிரெடிட் கார்டில் போடுகிறேன், நீ மெதுவாகக் கொடு' என்கிறாள். கடன் வாங்கலாமா, எஸ்ஐபியைப் பத்து மாதம் நிறுத்தலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: இரண்டுமே வேண்டாம். பயணத்தை மேயிலிருந்து அக்டோபர் இரண்டாம் பாதிக்குத் தள்ளி வையுங்கள். உங்களுடைய சிக்கல் பணம் போதாதது அல்ல, ஐந்து மாதம் போதாதது.

முதலில் கடன். 1.50 லட்சம், 14% வட்டி, 24 மாதம் என்றால் தவணை சுமார் 7,200 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 22,850. செயலாக்கக் கட்டணம் 2% என்றால் ஜிஎஸ்டியோடு இன்னொரு 3,540. ஆக 26,000 ரூபாய்க்கு மேல், ஒரு கோட்டையைக்கூடப் பார்க்காமல் போகும். பிராகில் உங்கள் ஐந்து இரவு அறை வாடகைப் பங்கை விட அது அதிகம்.

எஸ்ஐபியைப் பத்து மாதம் நிறுத்தினால் 80,000 கிடைக்கும். ஆனால் ஆண்டுக்கு 10% வளர்ச்சி என்று அடக்கமாக வைத்தாலும், அதே 80,000 இருபது ஆண்டில் 5.38 லட்சமாக இருக்க வேண்டிய பணம். எஃப்டியைத் தொடவே வேண்டாம். உங்கள் மாதச் செலவு 42,000 ரூபாய்; அந்த 1.80 லட்சம் நான்கு மாதத்துக்குத்தான் வரும்.

இனி உண்மையான செலவு. ஒரு யூரோ 105 ரூபாய், ஒரு செக் கொருனா 4.30 ரூபாய் என்று வைத்துக் கணக்கிடுகிறேன். முன்பதிவு செய்யும் நாளில் அன்றைய விகிதத்தைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாக ஒரே மாற்றத்தில் பிராக் போகலாம். போய்வர 65,000 ஒதுக்குங்கள். ஷெங்கன் விசாக் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணத்தோடு 12,000. காப்பீடு 1,500 (குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் கவரேஜ் கட்டாயம்). ஆக, ஊரைவிட்டுக் கிளம்பும் முன் 78,500.

அங்கே ஏழு இரவு. இருவர் தங்கும் அறை 2,400 கொருனா என்றால் உங்கள் பங்கு 1,200. அதோடு ஆளுக்கு இரவுக்கு 50 கொருனா நகராட்சித் தங்கும் வரி. இதைப் பல விடுதிகள் விளம்பர விலையில் சேர்ப்பதில்லை, நேரில் வாங்குவார்கள். இது 8,750 கொருனா. சாப்பாடு நாளுக்கு 600 வீதம் 4,200. டிராம், மெட்ரோ 900. நுழைவுக் கட்டணங்கள் 2,500. ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள குட்னா ஹோராவுக்கு ஒரு நாள் போய்வர 700. மொத்தம் 17,050 கொருனா, சுமார் 73,300 ரூபாய். எல்லாம் சேர்ந்து 1.52 லட்சம், எதிர்பாராத செலவுக்கென்று பத்து சதவீதம் கைக்காப்பு வைத்தால் 1.67 லட்சம்.

மே மாதத்துக்குள் உங்களிடம் சேர்வது 1.20 லட்சம். இடைவெளிதான் கடனுக்கு இழுக்கிறது. அக்டோபர் என்றால் இந்த மாதமே 12,000 ரூபாயில் 12 மாத ஆர்டி (வங்கியில் மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) தொடங்குங்கள். 6.5% வட்டியில் அடுத்த ஜூலையில் 1.49 லட்சம் கையில் வரும். விமான டிக்கெட், விசா வேலை தொடங்குவதும் அப்போதுதான். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மிஞ்சும் 36,000 சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். இந்தப் பணத்துக்குப் பங்குச்சந்தை ஃபண்ட் பொருந்தாது. 15 மாதத்தில் சந்தை சரிந்தால் மீள நேரமில்லை. இன்னொரு லாபம், கோடையின் உச்ச அறை வாடகை அக்டோபர் பாதிக்கு மேல் இறங்கும். குளிர் இருக்கும், சீக்கிரம் இருட்டும். அக்டோபர் 28 தேசிய விடுமுறை. அன்று பெரிய கடைகள் சட்டப்படி மூடியிருக்கும்.

விசாவுக்கு வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார்கள். ஆர்டி முதிர்ந்து திடீரென 1.49 லட்சம் வந்தால் 'கடன் வாங்கிக் காட்டுகிறாரோ' என்ற சந்தேகம் வரும். ஆர்டி முதிர்வு ரசீதையும் மாதாமாதம் பணம் போன பதிவையும் இணைத்துவிடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 நாள்வரை இழுக்கவும் கூடும். ஆகஸ்ட் பாதிக்குள் கொடுத்துவிடுவது நல்லது. மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது.

ஏஜென்ட் பேக்கேஜ் 2.10 லட்சம் என்பது இந்தக் கணக்கைவிட 43,000 கூடுதல். அதோடு வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். புதிய வரி முறையில் உங்கள் சம்பளத்துக்கு வரியே வராது என்பதால், அதை ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்பப் பெற வேண்டும். அதுவரை பணம் முடங்கும். நீங்களே பதிவு செய்து அந்நியச் செலாவணி வாங்கினால், நிதியாண்டுக்கு 10 லட்சம் வரை டிசிஎஸ் இல்லை.

இந்தப் பயணத்தில் பணம் ஒழுகும் இடம் வேறு. செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் நாணயம் கொருனா. நம் ஊர் வங்கிகளின் ஃபாரெக்ஸ் கார்டுகள் பெரும்பாலானவற்றில் கொருனா கிடையாது. யூரோ ஏற்றிக்கொண்டு போய்த் தேய்த்தால், ரூபாய் யூரோவாகி, யூரோ கொருனாவாகி, இரண்டாவது மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் போகும். தோழியின் சாதாரணக் கிரெடிட் கார்டிலோ 3.5% மார்க்அப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம்), அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக 4.13%. இருவரின் உள்ளூர்ச் செலவு 1.46 லட்சத்துக்கு அது 6,000 ரூபாய். ஃபாரெக்ஸ் மார்க்அப் இல்லாத டெபிட் அல்லது கிரெடிட் கார்டை இருவரும் ஆளுக்கொன்று இப்போதே வாங்கிப் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று தொலைந்தால் மற்றது இருக்கும்.

கார்டைத் தேய்க்கும்போது இயந்திரம் 'ரூபாயிலா, கொருனாவிலா' என்று கேட்கும். ரூபாய் என்றால் மனக்கணக்குக்குச் சுலபம்தான். ஆனால் மோசமான விகிதத்தை அங்கேயே ஏற்றிவிடுவார்கள், சில இந்திய வங்கிகள் அதற்கும் ஒரு கட்டணம் போடும். எப்போதும் கொருனாவை அழுத்துங்கள். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். சுற்றுலா வீதிகளில் தனியாக நிற்கும் ஏடிஎம்களை விட்டுவிட்டு, வங்கிக் கிளையோடு ஒட்டிய இயந்திரத்தில் எடுங்கள்.

பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றி '0% கமிஷன்' என்று பலகை வைத்த பணமாற்றுக் கடைகள் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது அவர்கள் விற்கும் விலை. நீங்கள் பார்க்க வேண்டியது வாங்கும் விலை. ஏமாந்துவிட்டால் ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பப் போங்கள்: 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை ரத்து செய்ய 2019 முதல் செக் சட்டம் உரிமை தருகிறது. தெருவில் 'நல்ல ரேட்' என்று வருகிறவரிடம் ரசீதும் இருக்காது, கையில் செல்லாத வேற்று நாட்டு நோட்டு மிஞ்சும்.

விமான நிலையத்திலிருந்து டாக்சி தேவையில்லை. 59ஆம் எண் டிராலிபஸ் நாட்ராஜி வெலெஸ்லவீன் மெட்ரோ நிலையத்துக்குப் போகும், அங்கிருந்து ஏ லைன். சாதாரண நகரப் பயணச்சீட்டே போதும். ஆனால் காகிதச் சீட்டை மஞ்சள் பெட்டியில் முத்திரையிட வேண்டும். வாங்கி வைத்துக்கொண்டு முத்திரையிட மறந்தால் சீட்டில்லாத பயணம்தான்; பரிசோதகரிடம் 'தெரியாது' என்பது எடுபடாது. 1357இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலம், 1410இன் வானியல் கடிகாரத்தின் முகப்பு, விஷேராட் கோட்டை வளாகம், பிராக் கோட்டையின் முற்றங்கள் எல்லாமே இலவசம். கோட்டைக் கட்டடங்களுக்குள் போகும் டிக்கெட் இரண்டு நாள் செல்லும். ஒரே நாளில் ஓட வேண்டாம்.

சாப்பாட்டில், வார நாட்களில் பகல் உணவு மெனு மாலையை விட மலிவு; பெரிய வேளையை மதியத்துக்கு வையுங்கள். சதுக்கத்தில் சுடும் பன்றித் தொடைக்கு எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கு. தட்டில் எவ்வளவு வைப்பார்கள் என்று கேட்காமல் வாங்கினால் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைவீர்கள். கேட்காமல் மேசைக்கு வரும் ரொட்டிக் கூடைக்கும் காசு உண்டு.

தோழி விஷயம். விசா ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு. அவருக்கு மறுக்கப்பட்டால் முழு அறை உங்கள் தலையில்: கூடுதலாக 8,400 கொருனா, அதாவது 36,000 ரூபாய். கைக்காப்பு 15,000 அதற்குப் பத்தாது. அதனால் இருவருக்கும் விசா வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பதியுங்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவு போதும், பணம் கட்டிய விமான டிக்கெட் வேண்டாம். ஒருவருக்கு மட்டும் கிடைத்தால் மற்றவர் தனியே போவாரா, இருவரும் ரத்து செய்வீர்களா என்பதை இப்போதே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பொதுச் செலவை ஒருவர் மாற்றி ஒருவர் தேய்த்து, அன்றிரவே யுபிஐயில் நேர் செய்துவிடுங்கள்.