நெடுந்தொலைவுக்கு எந்த சைக்கிள் சீட்?

கேள்வி: அன்றாடம் 5 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டியவரை எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. இப்போது விடுமுறை நாட்களில் 50 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறேன். பாதி தூரத்திலேயே உட்காரும் இடம் வலிக்கத் தொடங்குகிறது. சில சமயம் தொடையிடுக்கு மரத்துப்போகிறது. கடையில் இருந்தவற்றிலேயே மிகவும் மெத்தென்ற ஜெல் சீட்டை வாங்கி மாட்டினேன். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. வேறு எதை வாங்கலாம்?

பதில்: அந்த ஜெல் சீட்டின் மென்மையே உங்கள் வலியைக் கூட்டியிருக்கக்கூடும். இடுப்பெலும்பின் அடியில் இடமும் வலமுமாக இரண்டு புடைப்புகள் இருக்கின்றன. வெறுந்தரையில் வெகுநேரம் உட்கார்ந்தால் உறுத்துபவை அவைதான். உடலின் எடை அவற்றின் மீது இறங்கினால், நரம்புகளும் இரத்தக் குழாய்களும் செல்லும் நடுப்பகுதி தப்பித்துக்கொள்ளும். அளவுக்கு மீறி மெத்தென்றிருக்கும் சீட்டில் இந்த எலும்புகள் அமிழ்ந்துவிடுவதால், அங்கிருந்து பிதுங்கும் ஜெல் நடுவில் மேலெழும்பி, அழுத்தமே கூடாத இடத்தில் அழுத்துகிறது. குறுகிய தூரத்தில் சுகமாகத் தெரியும் சீட் நெடுந்தூரத்தில் மரத்துப்போகச் செய்வது இதனால்தான். ஆகவே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து சீட் வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது அகலம்.

அந்த அகலத்தை வீட்டிலேயே அளந்துவிடலாம். பொருட்கள் பொதிந்து வரும் நெளிவுள்ள அட்டை ஒன்றைக் கடினமான படிக்கட்டின் மீது வைத்து, மெல்லிய உடையோடு அதன் மேல் உட்கார்ந்து, குதிகால்களைச் சற்றே தூக்கி, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் முன்னால் குனிந்து அரை நிமிடம் இருங்கள். எழுந்து அட்டையை விரல் நுனியால் தடவினால் இரண்டு பள்ளங்கள் தட்டுப்படும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்குப் பேனாவால் குறியிட்டு இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு அது 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அதோடு 2 அல்லது 3 சென்டிமீட்டர் கூட்டினால், நீங்கள் தேட வேண்டிய சீட்டின் அகலம் ஓரளவு தெரிந்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர் இன்னும் சற்று அகலமானதையும், நன்றாகக் குனிந்து ஓட்டுபவர் சற்றுக் குறுகலானதையும் பார்க்கலாம். அகலம் தேவைக்கு மிஞ்சினால் தொடையின் உட்புறம் உரசிப் புண்ணாகும். பெரிய சீட்தான் வசதி என்று நினைத்துப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

உங்களுக்கு மரத்துப்போவதும் சேர்ந்திருப்பதால், நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டைப் பார்ப்பது நல்லது. சிலருக்கு அந்தத் திறப்பின் விளிம்பே உறுத்துவதுண்டு. எனவே சில நாட்கள் ஓட்டிப் பார்த்து மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் கடையில், அந்த நிபந்தனையைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு எடுங்கள். சீட்டின் அடியிலுள்ள இரண்டு கம்பிகளையும் கவனியுங்கள். உலோகக் கம்பிகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் தடிமனில் உருண்டையாக இருக்கும். கார்பன் கம்பிகள் பல நேரம் நீள்வட்டமாக இருப்பதால், சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டின் பிடிப்பில் அவை பொருந்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகும், பணம் கொடுப்பதற்கு முன் இப்போதுள்ள சீட்டைச் சரியாகப் பொருத்திப் பாருங்கள் என்றுதான் வற்புறுத்துவேன். பெடல் கீழே இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். சீட் அதைவிட உயர்ந்திருந்தால், பெடலை எட்டுவதற்காக இடுப்பு பக்கத்துக்குப் பக்கம் ஆடி, தோல் உரசிக்கொண்டே இருக்கும். சீட்டின் மூக்கு மேல்நோக்கியிருந்தால் தொடையிடுக்கு மரத்துப்போகும். மிகவும் கீழ்நோக்கியிருந்தால் உடல் முன்னால் சறுக்கி, எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். மட்டமாக வைத்துத் தொடங்கி, ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஓரிரு நாள் ஓட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். எத்தனை நல்ல சீட்டானாலும் கால் மணிக்கொரு முறை பெடலில் எழுந்து நின்று சில நொடிகள் ஓட்டுவது அவசியம். இறங்கிய பிறகும் மரத்த உணர்வு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்; இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: தோல் சீட் கல்போல இருக்கிறது, விலையும் அதிகம். அதை ஏன் பலர் விரும்புகிறார்கள்?

பதில்: அதில் பஞ்சு கிடையாது. தடித்த தோல், முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிய தூளிபோல் சட்டத்தில் நிற்கிறது. இங்கிலாந்தின் புரூக்ஸ் நிறுவனத்தின் பி17 என்ற சீட் 1890-களிலிருந்தே விற்பனையில் இருக்கிறது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின், எலும்புகள் படும் இடங்களில் தோல் மெல்லக் குழிந்து உங்கள் உடலுக்கு இசைந்துவிடும். ஜெல் சீட்டைப்போல் நடுவில் பிதுங்கி எழும்பும் சிக்கலும் இதில் வராது. ஆனால் நனைந்த தோலின் மீது ஓட்டினால் வடிவம் கெடும். நனைந்ததை வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் வெடிக்கும். மழை உறையும், அவ்வப்போது பூச ஒரு மெழுகும் தேவைப்படும். பொறுமையும் பராமரிப்பும் உள்ளவருக்கு இது நல்ல முதலீடு. அடிக்கடி மழையில் சைக்கிளை நிறுத்துபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சீட்டின் மேல் மாட்டும் ஜெல் உறை போதாதா?

பதில்: போதாது. முதல் கேள்வியில் சொன்ன சிக்கலே இதிலும் வரும்; உறை நகர்ந்து உரசவும் செய்யும். அந்தப் பணத்தில் உட்புறம் பஞ்சு வைத்துத் தைத்த சைக்கிள் கால்சட்டை ஒன்றை வாங்குங்கள். அதனுள் உள்ளாடை அணியக் கூடாது. அணிந்தால் அதன் தையல் விளிம்பு, எது உரசக்கூடாதென்று அந்தக் கால்சட்டையை வாங்கினீர்களோ அந்த இடத்திலேயே உரசும்.